அரை முட்டையும் அறுபது கிராம் மாவும்: ஒரு ஆளுக்கு மூன்று பழப் பேன்கேக்

நேற்று ஞாயிறு காலை, ஏழாவது தடவையாகச் செய்தபோதுதான் பேன்கேக் நான் நினைத்த மாதிரி வந்தது. மூன்றே மூன்று. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம், சுண்டுவிரல் தடிப்பு, மேலே சீரான பொன்னிறம். பிய்த்துப் பார்த்தேன், உள்ளே பச்சை மாவு இல்லை, பழம் கருகவில்லை, தட்டில் மிச்சமும் இல்லை. நான்கு மாதமாக லீவு கிடைத்த காலைகளில் மட்டும் செய்து பார்த்து வந்தது இது. அதனால் எது எங்கே பிழைத்தது என்று மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் எந்தப் பேன்கேக் என்று சொல்லிவிடுகிறேன். நம்மூரில் பேன்கேக் என்றால் பேக்கரி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மஞ்சள் சுருள்தான் ஞாபகம் வரும், மெல்லிய தோசை மாதிரி சுட்டு உள்ளே தேங்காய்ப்பூவும் பாணியும் (இனிப்புப் பாகு) வைத்துச் சுருட்டியது. அது எனக்கும் பிடிக்கும். ஆனால் இது வேறு. இது தடிப்பானது, உப்பி வருவது, பழம் போட்டது, இலங்கை மலைநாட்டில் எல்ல என்ற ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்கும் இடங்களில் காலைச் சாப்பாட்டுக்குக் கொடுப்பது.

அளவு கிடைத்ததும் அங்கிருந்துதான். என் சித்தி மகன் எல்லயில் ஒரு தங்குமிடத்தில் குசினி வேலை செய்கிறான். தீபாவளிக்கு வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் செய்து கொடுத்தான். நான் கேட்டதும் ஒரு பில் கடதாசியின் பின்பக்கத்தில் எழுதித் தந்தான்: மா 2 கப், பேக்கிங் பவுடர் 4 தேக்கரண்டி, முட்டை 2, பால் ஒன்றரைக் கப், சீனி, உப்பு, கொஞ்சம் மாஜரின், வாழைப்பழம். “அண்ணே, இது நாலு பேருக்கு” என்றான். நான் தனி ஆள். நுவரெலியாவில் மரக்கறி மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன், மேலே ஏறும் ரோட்டில் ஒரு வீட்டின் பின்னறையில் போர்டிங். ஒற்றை அடுப்பு, 5 கிலோ கேஸ் சிலிண்டர், ஒரு சின்ன மேசை. ஃபிரிட்ஜ் கிடையாது. நான்கு பேருக்குக் கரைத்து மிச்சத்தை எடுத்து வைக்க வழியும் இல்லை, அதற்கு மனமும் வரவில்லை. ரொட்டி கூட எண்ணித் தட்டின வீட்டில் வளர்ந்தவன் நான்.

எல்லாவற்றையும் நாலால் வகுத்தேன். மா அரைக் கப், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, பால் முக்கால் கப்பின் பாதி. முட்டையில் வந்து நின்றேன். இரண்டை நாலால் வகுத்தால் அரை. அரை முட்டையை எப்படி உடைப்பது?

முதல் தடவை முழு முட்டையையே போட்டேன், ஒரு முட்டையால் என்ன கெட்டுவிடும் என்று. கெட்டது. பேன்கேக் ரப்பர் மாதிரி இழுத்தது, ஆறியபின் ஆம்லெட் மணம் வேறு. முட்டை மட்டும் காரணம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கை பழக்கம் இன்னொரு காரணம். எங்கள் வீட்டில் மா என்றாலே ரொட்டிதான். தேயிலைத் தோட்டத்தில் முன்பு அரிசியும் மாவும் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், அந்த மாவில் அப்பாயி ரொட்டி பிசைவதைப் பார்த்துப் பார்த்து, அழுத்திப் பிசையப் பிசையத்தான் நல்லது என்று என் கைக்குள் ஊறிவிட்டது. அதே வேகத்தில் இந்த மாவையும் கட்டி ஒன்றுகூட இல்லாமல் ஐந்து நிமிடம் அடித்தேன். ரொட்டிக்கு அந்த இழுவை வேண்டும், பேன்கேக்குக்கு அது கூடாது. இப்போது முள்ளுக்கரண்டியால் பதினைந்து சுற்று, அவ்வளவுதான். பட்டாணி அளவில் மாக்கட்டிகள் தெரிந்தாலும் விட்டுவிடுகிறேன். சும்மா வைத்தால் பத்து நிமிடத்தில் அவை தாமாகவே ஊறிவிடுகின்றன.

இரண்டாவது தடவை முட்டையே வேண்டாம் என்று செய்தேன். நிறம் வரவில்லை, வெளுத்துப்போய் இருந்தது. திருப்பும்போது நடுவில் வெடித்து மூன்று துண்டானது. ருசி மோசமில்லை, ஆனால் கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினேன், 1,450 ரூபாய். மாதக் கடைசியில் வாங்கியது, மனம் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் இந்த வேலை முழுவதிலும் நான் செய்த ஒரே பெரிய செலவு அதுதான், அது வந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. ஓட்டை எடுத்துவிட்டு நிறுத்துப் பார்த்தால் இங்கே கடையில் கிடைக்கும் முட்டைகள் 48 கிராமிலிருந்து 54 வரை இருக்கின்றன. ஆக, பாதி என்றால் 25 கிராம் என்று வைத்துக்கொண்டேன்.

சொல்லும்போது லேசு, ஊற்றும்போதுதான் வில்லங்கம். முட்டையை உடைத்து லேசாகக் கலக்கிவிட்டுக் கப்பைச் சாய்த்தால், மஞ்சள் சொட்டுச் சொட்டாக வரும், வெள்ளைக்கரு பின்னால் தொங்கிக்கொண்டே நிற்கும், பிறகு திடீரென்று முழுதாக வழுக்கி விழும். தராசு 9, 12, 14 என்று போய் ஒரே தாவாக 41 காட்டும். அதைக் கையால் திருப்பி எடுக்கவும் முடியாது. இரண்டு முட்டையை இப்படித் தாரை வார்த்த பிறகு கண்டுகொண்டது, உப்பை முதலிலேயே முட்டையில் போட்டுவிட வேண்டும். மாவுக்குப் போட வேண்டிய அதே ஒரு சிட்டிகையைத்தான் சொல்கிறேன். போட்டு முள்ளுக்கரண்டியால் முப்பது தடவை அடித்து இரண்டு நிமிடம் வைத்தால் வெள்ளைக்கரு இளகித் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு தேக்கரண்டியால் அள்ளி அள்ளி 25 கிராமில் நிறுத்தலாம். தராசு இல்லாதவர்கள் இப்படி அடித்த முட்டையில் ஒன்றரை மேசைக்கரண்டியும் ஒரு சொட்டும் எடுத்தால் கிட்டத்தட்ட சரியாக வரும், நான் அளந்து பார்த்துவிட்டேன்.

மீதிப் பாதியில் ஒரு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு, பேன்கேக் முடிந்த சூட்டிலேயே கல்லில் ஊற்றிவிடுகிறேன். இனிப்புச் சாப்பிட்ட பிறகு காரமாக ஒரு வாய் வேண்டித்தான் இருக்கிறது. ஆனால் வரிசை மாறக்கூடாது. அதற்கு ஒரு கதை உண்டு, கீழே வருகிறது.

மூன்றாவது தடவை அரை முட்டையோடு செய்தது பார்க்க நன்றாக இருந்தது, நான்கு நிமிடத்துக்கு. சட்டியில் பூரிப்பாக எழும்பியது, தட்டுக்கு வந்ததும் நடுவில் குழி விழுந்து தட்டையானது. நாக்கில் ஒரு உலோகக் கசப்பும் நின்றது. பேக்கிங் பவுடர் கூடிவிட்டது. நான் தேக்கரண்டியைக் குவியலாக அள்ளியிருந்தேன், அது முதல் காரணம். இன்னொன்று இந்த ஊரின் உயரம். எல்ல 1,041 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், அப்போது மாவுக்குள் இருக்கும் வாயு கூடுதலாக விரியும். இங்கே தண்ணீரே கிட்டத்தட்ட 94 பாகையில் கொதித்துவிடுகிறது, பருப்பு அவிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று இந்த ஊரில் சமைப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒரு தேக்கரண்டி என்பதை முக்காலாகக் குறைத்து, கத்தி முதுகால் வழித்து எடுத்தேன். நிறுத்தால் 3 கிராம். அன்றிலிருந்து குழி விழவில்லை.

அதே மூன்றாவது தடவையில் மாஜரினும் படுத்தியது. அடுப்பில் உருக்கி வைத்ததைப் பாலில் ஊற்றினேன். காலை ஆறரை மணி, பால்மா கரைத்த தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது, மாஜரின் அதில் பட்டதும் மணல் மணலாக உறைந்து மிதந்தது. அந்த மணல்கள் சுடும்போது உருகி, பேன்கேக்கில் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகளும் எண்ணெய்த் திட்டுகளும் வந்தன. இப்போது பால்மாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்கிறேன். விரலை விட்டால் சுடக்கூடாது, குளிரவும் கூடாது. சுட்டால் முட்டை திரிந்துவிடும்.

சட்டியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாலு மாதத்தில் பாதி அதிலேயே போனது.

என்னிடம் இருந்தது 20 சென்ரிமீட்டர் ஒட்டாத சட்டி, கையில் எடுத்தால் தகரம் மாதிரி இலேசு. என் ஒற்றை அடுப்போ எவ்வளவு குறைத்தாலும் நடுவில் சீறிக்கொண்டே எரியும். மாவை ஊற்றினால் நடுவில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குக் கறுப்பு, அதைச் சுற்றிப் பழுப்பு, ஓரத்தில் வெள்ளை. மேல்பக்கம் இன்னும் திரவமாகவே இருக்கும். குறைத்தால் அணைகிறது, கூட்டினால் கருகுகிறது. மூன்று தடவையும் இதே கதை. அம்மாவிடம் போனில் சொன்னேன். “ஏன்டா தம்பி, ரொட்டிக்கல்லு இங்க சும்மாதானே கெடக்கு, எடுத்துட்டுப் போ. தகரத்துல மா சுட்டா கருகத்தான் செய்யும்” என்றார். பொகவந்தலாவைக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது துணிப்பையில் சுற்றி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். இரும்புக்கல், 28 சென்ரிமீட்டர், தராசில் வைத்தால் ஒரு கிலோ எண்ணூற்று முப்பது. நடுப்பகுதி நாற்பது வருட ரொட்டியில் கண்ணாடி மாதிரி மழமழப்பாகி இருக்கிறது, ஓரத்தில் மட்டும் சொரசொரப்பு. விரலால் தடவினால் எங்கே ரொட்டி கிடந்தது, எங்கே கிடக்கவில்லை என்று இருட்டிலும் சொல்லிவிடலாம்.

இந்தக் கல் மெதுவாகச் சூடாகும், சூடானால் லேசில் ஆறாது. இரண்டும் நல்லதுதான், ஆனால் பழக வேண்டும். அடுப்பைக் கூட்டி மூன்று நிமிடத்தில் கல்லைக் காயவைத்து மாவை ஊற்றினேன், நான்காவது தடவையின் முதல் பேன்கேக் கரியானது. குறைத்து இரண்டு நிமிடம் பார்த்தேன், சூடு இறங்கவே இல்லை. அம்மாவின் வழி வேறு: சிம்மில் வைத்து, அப்புறம்தான் மாவையே கரைக்கத் தொடங்குவது. எட்டு நிமிடம். ஜனவரிக் குளிரில் பத்தும் ஆனது. சூட்டைப் பார்க்க ரொட்டிக்கும் தோசைக்கும் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டும் என்போமே, பேன்கேக்குக்கு அது அதிகம். தெளித்த சொட்டு விழுந்த இடத்திலேயே நின்று ‘ஸ்ஸ்’ என்று நுரைத்து, மூன்று நான்கு எண்ணுவதற்குள் வற்ற வேண்டும். உருண்டு ஓடினால் அடுப்பை அணைத்துவிட்டு, ஈரத்துணியை மடித்து ஒரு தடவை துடைத்து, மறுபடி பார்க்க வேண்டும்.

இப்போது அந்த வெங்காயக் கதை. கல்லில் எண்ணெய் தடவப் பாதி வெங்காயத்தை முள்ளுக்கரண்டியில் குத்தித் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். பழக்கதோஷத்தில் அன்றும் அப்படியே தேய்த்தேன். வாழைப்பழமும் வறுத்த வெங்காயமும் சேர்ந்த மணத்தோடு ஒரு பேன்கேக்கைச் சாப்பிட்டு முடிக்க எனக்கு அரை மணி நேரமானது. இரும்பு மணத்தைப் பிடித்தும் வைத்துக்கொள்கிறது, அடுத்த இரண்டிலும் அது போகவில்லை. வீட்டுக்கார அக்கா ஜன்னல் வழியாக மணம் பிடித்து வந்து பார்த்துவிட்டு, “உருளைக்கிழங்கு விக்கிற கடையில வேலை செஞ்சுக்கிட்டு வெங்காயத்தத் தேய்க்கிறியே தம்பி” என்றார். சரிதான். பாதி உருளைக்கிழங்கை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி குத்தி, எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் மணமே இல்லை, எண்ணெயும் மெல்லிய படலமாகப் பரவுகிறது, அதிகம் நிற்பதில்லை. கடையில் கழித்துப் போடும் கிழங்குகளில் ஒன்றைக் கொண்டுவருகிறேன். வெட்டுப்பக்கம் கறுத்ததும் ஒரு சீவல் சீவிவிட்டால் மூன்று நான்கு தடவைக்கு ஒரே கிழங்கு போதும்.

அடுத்தது பழம்.

அம்புல் வாழைப்பழத்தில்தான் தொடங்கினேன், எப்போதும் கிடைப்பது அது. உரித்தால் ஒரு பழம் 45 கிராம் வரும். ஒரு ஆளுக்கு என்று அளந்து வைத்த மாதிரி இருக்கிறது. முதலில் வட்டம் வட்டமாகத் தடிப்பாக வெட்டி மாவுக்குள்ளேயே கலந்தேன். துண்டு கல்லில் நேராகப் பட்ட இடமெல்லாம் ஒட்டிக் கருகியது, துண்டைச் சுற்றி மாவு வேகாமல் பசை மாதிரி நின்றது. மசித்துக் கலந்தபோதுதான் சரியானது. ஆனால் மசித்த பழத்தில் இருக்கும் தண்ணீரைக் கணக்கில் எடுக்க வேண்டும். நாலால் வகுத்ததில் பால் 90 மில்லிலீட்டர் வந்தது, பழம் மசித்துப் போட்டால் 55 போதும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு காலைகள் போயின. தோல் முழுக்கப் புள்ளி விழுந்து, காம்புப் பக்கம் மெத்தென்று ஆன பழம்தான் வேண்டும். அப்படிப் பழுத்தால் சீனியும் ஒரு தேக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது. கோலிக்குட்டுப் பழம் இதைவிட ருசி, மேலே வைத்தாலும் உருவம் குலையாது, ஆனால் விலை கூட.

ஐந்தாவது தடவை ஸ்ட்ரோபெரி. இந்த ஊரில் இருந்துகொண்டு அதைத் தொடாமல் இருக்க முடியவில்லை. பச்சைவீட்டில் வளர்ப்பவர் ஒருவர் எங்கள் கடைக்கு லீக்ஸ் கொண்டுவருவார், அவரிடம் 250 கிராம் பெட்டி 400 ரூபாய்க்கு வாங்கினேன். அன்று பார்த்துப் பேக்கிங் பவுடர் முடிந்திருந்தது. அப்பத்துக்குப் போடும் சோடா மா வீட்டுக்கார அக்காவிடம் இருந்தது, கால் தேக்கரண்டி வாங்கிப் போட்டேன். நிறம் அழகாக வந்தது, வழக்கத்தைவிட நல்ல பழுப்பு. திருப்பிவிட்டுப் பிய்த்துப் பார்த்தால் பழம் இருந்த இடமெல்லாம் சாம்பலும் ஊதாவுமாக, கன்றிப்போன தோல் மாதிரி இருந்தது. பழம் அழுகல் என்று நினைத்துப் பெட்டியை முழுக்கக் கொட்டிப் பார்த்தேன், ஒன்றுகூடக் கெட்டிருக்கவில்லை. சோடா மா ஒரு காரம் (மிளகாய்க் காரம் இல்லை, புளிப்புக்கு எதிரானது), ஸ்ட்ரோபெரியின் சிவப்புச் சாயம் காரம் பட்டால் நிறம் மாறிவிடும். செவ்வரத்தம்பூச் சாற்றில் சோடா போட்டு நிறம் மாறுவதைப் பள்ளிக்கூடத்தில் செய்து காட்டுவார்களே, அதேதான் இது. சாப்பிட்டால் கெடுதி ஒன்றுமில்லை, ஆனால் சவர்க்காரம் மாதிரி ஒரு ருசியும் சேர்ந்திருந்தது. சோடாவுக்கு ஈடாகத் தேசிக்காய்ப் புளி விட்டிருந்தால் தப்பியிருக்கும். பேக்கிங் பவுடருக்குள் காரமும் புளிப்பும் சேர்ந்தே இருப்பதால் இந்தச் சிக்கல் வருவதில்லை. இப்போது அதில் ஒரு பக்கட் எப்போதும் கூடுதலாக வாங்கி வைக்கிறேன்.

ஆறாவது தடவை பேக்கிங் பவுடரும் ஸ்ட்ரோபெரியும். பழம் புளிப்பாக இருக்கிறதே என்று வெட்டிச் சீனி தூவிக் கால் மணி நேரம் வைத்தேன். பழம் தண்ணீர் விட்டுவிட்டது, கோப்பையின் அடியில் இரண்டு மேசைக்கரண்டி சிவப்புச் சாறு. தொளதொளத்த துண்டுகளை மாவின் மேல் வைத்ததும் அவற்றைச் சுற்றிக் குளம் கட்டியது, நடுப்பகுதி வேகவே இல்லை. சீனியைப் பழத்தில் போடவே கூடாது. ஆனால் அந்தச் சாறு வீணாகவில்லை. கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பாகு) ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, டம்ளரில் விட்டு, கல்லின் ஓரத்தில் வைத்துச் சூடாக்கினேன். புளிப்பும் கித்துளின் அந்தப் புகை மணமும் சேர்ந்து இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இப்போது அதற்கென்றே ஒரு பழத்தைத் தனியாக எடுத்து நசுக்கிப் பாணியில் போடுகிறேன்.

நேற்றுச் செய்ததை அப்படியே சொல்கிறேன். கல்லைச் சிம்மில் வைத்தேன். முட்டையை உப்புப் போட்டு அடித்து 25 கிராம் எடுத்துக்கொண்டேன். ஒரு அம்புல் பழத்தை முள்ளுக்கரண்டியால் மசித்து, அதில் முட்டை, 55 மில்லிலீட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பால்மா கரைத்தது, உருக்கிய மாஜரின் ஒரு தேக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி. வேறு கோப்பையில் கோதுமை மா 60 கிராம், பேக்கிங் பவுடர் 3 கிராம், இரண்டையும் கலந்து சலித்தது. 60 கிராம் என்பது தட்டி வழித்த மேசைக்கரண்டியில் ஏழரை. ஈரத்தை மாவில் ஊற்றி, பதினைந்து சுற்று. கரண்டியைத் தூக்கினால் நாடாவாக விழுந்து, விழுந்த தடம் இரண்டு விநாடி நின்று மறைய வேண்டும். அது பத்து நிமிடம் நிற்கும்போது மூன்று ஸ்ட்ரோபெரியைக் கழுவி, துணியில் நன்றாக ஒற்றி, பத்து சதக் குற்றித் தடிப்பில் சீவினேன். தடித்தால் தண்ணீர், மெலிந்தால் காணாமல் போய்விடும்.

மூன்று மேசைக்கரண்டி மாவைக் கல்லின் நடுவில் ஒரே இடத்தில் ஊற்றினேன், பரப்பவில்லை, அதுவாகவே வட்டமாகப் போய் நின்றது. அரை நிமிடம் விட்டு, அடி பிடித்த பிறகு நாலு சீவல் பழம் வைத்தேன், ஒவ்வொன்றின் மேலும் கரண்டி நுனியால் ஒரு சொட்டு மாவு. அந்தச் சொட்டு முக்கியம். திருப்பும்போது பழம் நேராக இரும்பில் படாமல் அதுதான் காப்பாற்றுகிறது. பிறகு மூடி.

மூடியிலும் ஒரு பாடம் இருந்தது. இந்தக் குளிரில் அலுமினியம் மூடி பச்சைத்தண்ணீர் மாதிரி இருக்கும், ஆவி பட்டதும் வியர்த்துச் சொட்டுச் சொட்டாகப் பேன்கேக் மேலேயே விழும். அதனால் மூடியை முதலில் கேத்தலுக்கு மேல் வைத்துச் சூடாக்கி, துடைத்துவிட்டு, ஒரு பக்கம் கரண்டிக் காம்பைக் கொடுத்து இடைவெளி விட்டு மூடுகிறேன். ஒரு நிமிடம் போதும், பிறகு எடுத்துவிட வேண்டும்.

திருப்பும் நேரத்தை மணிக்கூட்டைவிடக் கண்ணால் பார்ப்பதுதான் சரி. முதலில் நடுவில் குமிழி வரும், அதை நம்பக்கூடாது. ஓரத்தில் வரும் குமிழிகள் வெடித்து, அந்த ஓட்டை மூடாமல் அப்படியே நின்றால், ஓரம் பளபளப்பு போய் மங்கினால், அப்போது திருப்பலாம். நேற்று முதலாவதற்கு 2 நிமிடம் 50 விநாடி, மூன்றாவதற்கு 2 நிமிடம் 20, கல்லின் சூடு கூடிக்கொண்டே போவதால் அப்படி. மறுபக்கம் ஒன்றரை நிமிடம். கரண்டியால் அமுக்கக்கூடாது, அமுக்கிப் பழகிய கை எனக்கு, அதை அடக்கத்தான் சிரமப்பட்டேன். தட்டையும் கேத்தல் மேல் வைத்துச் சூடாக்கியிருந்தேன். குளிர்ந்த தட்டில் வைத்தால் அடிப்பக்கம் வியர்த்து நனைந்துவிடும்.

செலவு: மா 12 ரூபாய், பேக்கிங் பவுடர் ஒரு ஐந்து, அரை முட்டை 19, பால்மா 20, சீனியும் மாஜரினும் எண்ணெயும் பத்து, வாழைப்பழம் 14. பாணிக்குப் போட்ட ஒன்றோடு சேர்த்து ஸ்ட்ரோபெரி நாலு 80 வரை. மொத்தம் 160. ஸ்ட்ரோபெரி இல்லாமல் வாழைப்பழம் மட்டும் என்றால் 80க்குள் முடிந்துவிடும், வார நாளில் அதுதான் சரி. கித்துள் பாணியைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது வீட்டிலிருந்து வந்த போத்தல். கேஸ் சிம்மில் இருபத்தைந்து நிமிடம் எரிந்தது. பாதி அதில் கல் காயவே போகிறது, அதுதான் எனக்கு இன்னும் மனதுக்கு ஒப்பாத செலவு. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்து இறக்கிய கையோடு அதே அடுப்பில் கல்லை வைத்தால் ஒன்றும் மிச்சமாவதில்லை, பார்த்துவிட்டேன். ஒரு சின்னக் கல், 18 சென்ரிமீட்டர் போல, தடித்த இரும்பில் கிடைத்தால் பாதி நேரத்தில் காயும். ஹட்டன் பக்கம் பாத்திரக் கடைகளில் கேட்டு வைத்திருக்கிறேன்.

இன்னும் மாற்ற நினைப்பவை இருக்கின்றன. மாவில் ஒரு மேசைக்கரண்டியைக் குரக்கன் மாவாக மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்குப் பால் கொஞ்சம் கூட வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். பேரிக்காய் வரும் பருவத்தில் அதைத் துருவி, பிழிந்து போட்டுப் பார்க்க வேண்டும். பாணியில் ஒரு ஏலக்காய் தட்டிப் போடலாம்.

அதற்கு முன்னால் வீட்டில் செய்து காட்ட வேண்டும். அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார், என் கல்லில் என்னதான் சுடுகிறாய் என்று. அடுத்த போயா (பௌர்ணமி) லீவுக்குப் பொகவந்தலாவைக்குப் போகும்போது கல்லையும் தராசையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு போகிறேன். அங்கே நாங்கள் ஆறு பேர். மா 360 கிராம், பழம் ஆறு, முட்டை மூன்று.